தானா ஓடுற வீடு

அந்த போன உள்ள வையேம்மா. நீ என்னத்த பாக்குறேன்னு எனக்குத் தெரியும். வீட்ல ஏசி அணைஞ்சிடுச்சா, கீசர் அணைஞ்சிடுச்சான்னு தான? பச்சப் பொட்டு இருந்தா ஓடுது, சாம்பக் கலருன்னா அணைஞ்சிடுச்சு. பாத்தியா, சரியா சொல்லிட்டேனா. எங்க வீட்டுக்காரரு மாசக் கணக்கா அந்தப் பொட்டத் தான் மொறச்சுக்கிட்டுக் கெடந்தாரு. கட்டுன பொண்டாட்டிய அப்பிடிப் பாத்ததில்ல மனுசன். அதோ, சாக்லேட் கடைக்கிட்ட தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு, அவரு தான். பல்ராம். எம் பேரு ஜான்கி. உக்காரு உக்காரு, உன் சிங்கப்பூர் ப்ளைட்டுக்கு இன்னும் கூப்புடல. நான் காத அங்க தான் வச்சிருக்கேன்.

எந் தமிழ் புரியுதா உனக்கு? நீ உங்கம்மாகிட்ட போன்ல பேசுனத கேட்டேன், கேட்டதும் காலு தானா இங்க வந்துடுச்சு. எங்க வீட்ல ஹிந்தி தான் பேச்சு, அதுவும் இந்த ஃபிஜி ஊரு ஹிந்தி. தமிழு கோயிலுக்கும் சண்டைக்கும் மட்டும் தான். நான் பொறந்தது கடல் தாண்டி அடுத்த தீவுல, லம்பாசா பக்கம், புலிலேகா, சுத்திலும் கரும்பு. எங்கப்பாரு மாட்டத் திட்டுறது தமிழ்ல தான். அதனால திட்டணும்னா எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கெடையாது. மத்ததுக்குத் தான் கொஞ்சம் தடுமாறும்.

கரண்ட்டு மிச்சம் ஆகுமான்னு கேக்குற. உம் புருசனும் வீடு பூரா, பொட்டு எரியுற அந்த ப்ளக்க மாட்டணும்னு சொல்றாரா? இங்க ஹோட்டல்ல கம்ப்யூட்டர் பாக்குறவருங்குற, அப்ப சொல்லத் தான் செய்வாரு. ஆகும், ஆகாதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம்மா. ஆனா அப்பிடி சொன்னா நீ போயி மத்ததுக்கும் வாங்கிடுவ. மொதல்ல இருந்து கேளு.

எனக்கு ஒரே புள்ள, சதேந்திரா. பிரிஸ்பேன்ல இருக்கான். போன வருசம் கிறிஸ்மஸ் லீவுல அவனும் மருமக ஷைனலும் வந்தாங்க. பை நெறய ஏதோ கொண்டாந்திருக்கான், எனக்கு சேலையா இருக்கும், அவருக்கு சட்டையா இருக்கும்னு பாத்தா... பூரா ப்ளக்கு. வெள்ள வெள்ளயா, இட்லி சைசுல. செவுத்துல இருக்கற பாயிண்ட்ல இத சொருகணும், இதுமேல நம்ம சாமான சொருகணும். நேரம் குறிச்சு வச்சிட்டா தானா போட்டுக்கும், தானா அணைச்சுக்கும். எந்த சாமான் எவ்ளோ கரண்ட்டு தின்னுதுன்னு போன்ல காட்டும். இங்க இவரு போன்லயும் காட்டும், அங்க அவன் போன்லயும் காட்டும். அவன் சொன்னான், "அம்மா, ஒனக்கு ஒரு வேலையும் இல்ல, வீடு தானா ஓடும்." வீடு தானா ஓடுனா நான் எதுக்கு?

புள்ள ஊருக்குப் போயிட்டான். ப்ளக்கு இவரு கையில மாட்டிக்கிச்சு. இவரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு ஹோட்டல்ல ஸ்டோர் கீப்பரு. சோப்பு எண்ணி, துண்டு எண்ணியே முடி நரச்ச மனுசன். எண்ணுறதுக்கு ஒண்ணும் இல்லாம வீட்ல சும்மா உக்காந்திருந்தவருக்கு இது கெடச்சா எப்பிடி இருக்கும்னு நீயே யோசிச்சுக்க. வாசிங் மெசினு, டிவி, ஃபேனு, மாவாட்டுற மெசினு, தண்ணி பம்பு, டீ போடுற கெட்டிலு, ராத்திரி வெளிய எரியுற லைட்டு, டீப் ஃப்ரீசரு... சாமி மாடத்துல குட்டியா ஒரு பல்பு எரியும்மா, அதுக்கும் ஒண்ணு மாட்டிட்டாரு. முருகனுக்கு நேரம் குறிச்சு வச்ச ஒரே ஆளு இந்த நாடி டவுன்ல எங்க வீட்டுக்காரரு தான்.

சிரி சிரி. அன்னிக்கு எனக்கு சிரிப்பு வரல.

மொத வாரம் குளிக்கப் போனா பச்சத் தண்ணி. காலையில கீசர் தானா போட்டுக்கும்னு சொன்னாரே... ஒரு நாளு, ரெண்டு நாளு, தெனம் பச்சத் தண்ணி. நான் குளிச்சு முடிச்சு, தல துவட்டி, கோயிலுக்குப் போயி, திரும்பி வந்து பாத்திரம் கழுவுறேன், அப்ப கொழாயில ஆவி பறக்கத் தண்ணி வருது. என்னான்னு பாத்தா, புள்ள அவசரத்துல பிரிஸ்பேன் நேரத்த வச்சிட்டுப் போயிட்டான். அவங்க நமக்கு ரெண்டு மணி நேரம் பின்னால. எங்க வீட்டுக் கீசரு ஆஸ்திரேலியாவுல குடியிருந்துச்சும்மா. நாங்க தான் ஃபிஜியில இருந்தோம்.

அத சரி பண்ணாரா, அப்பால வாசிங் மெசினு. துணி சோப்பு நொரையோட பாதியில நின்னுபோச்சு. "இதுக்கு மேல ஓடுனா வேஸ்ட்டு ஜான்கி." மாவு ஆட்டுறேன், உளுந்து பாதியில நிக்குது. "ஏங்க, உளுந்து பொங்கலயே." "உளுந்து பொங்கறதுக்குள்ள கரண்ட்டு பொங்கிடுச்சு, கையால அடிச்சுக்க." டிவி அணைஞ்சிருக்கும்போது ஒரு செவப்பு பொட்டு எரியுமே, அது கூட கரண்ட்டு தின்னுதாம். சரிங்க, அந்த செவப்பு பொட்ட அணைக்கிறதுக்கு நீங்க மாட்டுன ப்ளக்குல ஒரு பச்சப் பொட்டு எரியுதே, அது காத்த குடிச்சுட்டா எரியுது? அந்த இண்டர்நெட்டு டப்பா ராவும் பகலும் ஓடுதே, அது? கேட்டா போதும், தொப்பிய எடுத்துப் போட்டுக்கிட்டு வெளிய போயிடுவாரு.

இல்ல, பொய் சொல்லக் கூடாது. பில்லு கொறஞ்சுது. கீசரால கொறஞ்சுது. முன்னால நாள் பூரா அது பாட்டுக்கு சூடாயிக்கிட்டே கெடக்கும், இப்ப வேணுங்குற நேரத்துக்கு மட்டும். அது ஒண்ணு நெசம். மத்ததெல்லாம் சேத்தா கூட பெருசா ஒண்ணுமில்ல. அவரே எழுதிக் கூட்டிப் பாத்தாரு, கூட்டிட்டு யாருகிட்டயும் சொல்லாம மடிச்சு வச்சுக்கிட்டாரு.

ஆனா எனக்கு வவுறு எரிஞ்சது பில்லுக்காக இல்லம்மா. சதேந்திரா தெனமும் போன் பண்ணுவான். வேலைக்குப் போற வழியில கார்ல இருந்து, "அம்மா, என்ன சமச்ச, அப்பா மாத்திர போட்டாரா, மழ பேஞ்சுதா." ஒண்ணுமில்லாத பேச்சு தான், நானும் மொச்சக்கொட்டையில இருந்து மழ வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுவேன். ப்ளக்கு வந்தப்புறம் தெனம் வந்த போனு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆச்சு. அப்பால வாரத்துக்கு ஒருக்கா. ஒரு நாளு நானே பண்ணிக் கேட்டேன், என்னடா, அம்மா இருக்கனா செத்தனான்னு கூட கேக்க மாட்டேங்குற. அவன் சிரிக்கிறான். "அம்மா, காலையில நீ கெட்டில் போட்டத பாத்தேன். டிவி ஓடுறத பாத்தேன். நீ நல்லாத் தான் இருக்க."

கெட்டில் நல்லா இருந்தா நான் நல்லா இருக்கனாம். இத போயி யாருகிட்ட சொல்றது. இவருகிட்ட சொன்னா, "பாரு, போன் செலவும் மிச்சம்"ங்குறாரு.

அது உன் ப்ளைட்டு இல்ல, ஆக்லாந்து. எந் தங்கச்சி ப்ரேமிலா ஊரு அது. எய்ட்டி செவன்ல போனவ. அப்ப தான் இங்க மொத கூ. கூன்னா தெரியுமா? துப்பாக்கிய தூக்கிக்கிட்டு பார்லிமெண்ட்டுக்குள்ள போயி, ஓட்டு வாங்கி வந்து உக்காந்திருக்கிற கவருமெண்ட்ட எழுந்து வெளிய வான்னு சொல்றது. அந்த கவருமெண்ட்டுல நம்ம இந்தியக்காரங்க நெறயன்னு தான் கோவம். நம்ம ஜனம் அன்னிக்கு மூட்ட கட்ட ஆரம்பிச்சுது, இன்னும் கட்டிக்கிட்டுத் தான் இருக்கு. நான் அப்ப கைக்கொழந்தையோட இவருகிட்ட அழுதேன், நாமளும் போயிடலாங்கன்னு. "நான் பொறந்த மண்ணு, எவன் என்ன போகச் சொல்றது"ன்னு ஒரே வார்த்த. ரெண்டாயிரத்துல மறுபடியும் ஒரு கூ. அப்ப ரோட்டுல கும்பல் கும்பலா ஆளு போனாங்க, ஒரு கடைய ஒடச்சாங்க. எங்க பக்கத்து வீட்டு இலாய்சா, அவன் இந்த மண்ணோட ஆதி ஆளு, காய்வீத்தின்னு சொல்லுவோம், நல்ல ஒசரம், நம்ம கதவு அவனுக்கு இடுப்பு வரைக்கும் தான்னு வச்சுக்கயேன். சாயங்காலம் ஆனா எங்க கேட்டுல காவலுக்கு பாய விரிச்சு உக்காந்துக்குவான். யாரும் கேக்கல அவன. மச்சானுங்க ரெண்டு பேர வேற கூட உக்கார வச்சுப்பான். அது முடிஞ்சு, ஆறுல இன்னொண்ணு. அது முடிஞ்சதும் சதேந்திரா கெளம்பிட்டான். புள்ளைய அனுப்பிட்டு வந்த அன்னிக்கும் இவரு சொன்னாரு, "நான் எங்கயும் போறவன் இல்ல."

நல்லா ஞாபகம் வச்சுக்க இத. ஏன் சொல்றேன்னா, இந்த மனுசன் இப்ப ஆறு மாசம் முன்னால என்ன பண்ணாரு தெரியுமா. திடீர்னு, "ஜான்கி, புலிலேகா போலாம், உங்க அண்ணன பாத்துட்டு வரலாம்"னாரு. எனக்கு சந்தோசம் தலகால் புரியல, ரெண்டு நாளா ரொட்டி சுட்டு கட்டுறேன். கெளம்பும்போது சொல்றாரு, "யாருகிட்டயும் சொல்லாத. இலாய்சாகிட்டயும் சொல்லாத. சதேந்திராகிட்டயும் சொல்லாத." ஏங்கன்னா, "இது ஒரு டெஸ்ட்டு." டிவி காலையில தானா ஓடும், சாயங்காலம் லைட்டு எரியும், பம்பு ஓடும், கெட்டில் கூட நேரத்துக்கு ஓடும். பாக்குறவனுக்கு ஆளு உள்ள இருக்கற மாதிரி இருக்கணும். திருடனுக்கும் தெரியக் கூடாது, பெத்த புள்ளைக்கும் தெரியக் கூடாது. தெரியலன்னா பாஸு.

சரி, கெழவன் ஆசப்படுறாருன்னு கெளம்பிட்டேன். கப்பல்ல போறோம். கடல பாக்குற மனுசனா இவரு? வேலிக் கம்பிய புடிச்சுக்கிட்டு, கைய நீட்டி நீட்டி சிக்னலு தேடுறாரு, டிவி ஓடுதான்னு பாக்கணுமாம். ஒரு அல வந்து கப்பல ஒரு தட்டு தட்டுச்சு. போனு போச்சும்மா. அழகா ஒரு குட்டிக்கரணம் போட்டு, பச்சப் பொட்டோட கடலுக்குள்ள போச்சு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல ஒரு வெள்ளக்காரி எனக்குத் தண்ணி குடுத்தா. "சரி, ஒம் போன குடு"ங்குறாரு. பையில தேடுறேன், தேடுறேன்... எம் போனு அடுப்படியில சார்ஜுல கெடக்கு. ப்ளக்குல தான்.

ஒரு நம்பரும் ரெண்டு பேருக்கும் மனப்பாடம் கெடையாது. இவரு கொஞ்ச நேரம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாரு, அப்பால சொல்றாரு, "நல்லது தான். டெஸ்ட்டு இன்னும் சுத்தமா நடக்கும்."

புலிலேகாவுல எங்கண்ணன் வீரசாமி வீட்ல நாலஞ்சு நாளு. ஒரு மத்தியானம் சாப்புட்டுக்கிட்டிருக்கோம். இவரு எங்கண்ணங்கிட்ட சாதாரணமா சொல்றாரு, "வீடு இப்ப ஆள் இல்லாமலே ஓடுது மச்சான். இனி எங்களுக்குக் கவல இல்ல. பிரிஸ்பேன்ல போயி இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஷைனல் மாசமா இருக்கா. சதேந்திரா பேப்பரெல்லாம் பாத்துக்கிட்டிருக்கான்."

நான் கொழம்பு ஊத்திக்கிட்டிருக்கேன். அண்ணன் தட்டுல ஊத்துறேனா, அண்ணன் மடியில ஊத்துறேனா தெரியல. மருமக மாசமா இருக்கறது எனக்கு அப்ப தான் தெரியும். நாங்க நாட்ட விட்டுப் போறதும் அப்ப தான் தெரியும்.

"யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"நீ தான கேட்ட, போயிடலாம்னு."

"எப்ப கேட்டேன்?"

"எய்ட்டி செவன்ல."

"அதுக்கு இப்ப பதில் சொல்றீங்களா?"

எங்கண்ணன் தட்ட எடுத்துக்கிட்டு மெதுவா எழுந்து வெளிய போயிட்டாரு. நான் கேட்டேன், மூணு கூவுக்கு அசையாத மனுசன் நீங்க, இப்ப எந்தத் துப்பாக்கி ஒங்கள போகச் சொல்லுது? அவரு தட்டப் பாத்துக்கிட்டே சொல்றாரு, "புள்ள ஒரு நாளு போன்ல கேட்டான் ஜான்கி. எம் புள்ளைக்கு தாத்தா பாட்டிய போட்டோவுல தான் காட்டணுமாப்பான்னு. ஒங்கிட்ட சொன்னா நீ வேணாம்ப. நீ வேணாம்னா நான் போக மாட்டேன். அதான் சொல்லல."

இதக் கேட்டு நான் கோவப்படுவனா, அழுவனா. ரெண்டும் பண்ணேன். சொல்றேன் கேளு, எய்ட்டி செவன்ல எனக்கு போகணும்னு வெறி. இப்ப அந்தக் கோயிலு, அந்தத் தெரு, எங்கூட பஜன பாடுற பொம்பளைங்க... அங்க போயி நான் யாருகிட்ட சண்ட போடுறது? திரும்பி வர வழியெல்லாம் கப்பல்லயும் பேசல, பஸ்ஸுலயும் பேசல. பேசாம இருந்தது நானு. நீயே யோசிச்சுக்க எவ்ளோ கஷ்டம்னு.

இப்ப இங்க நாடியில என்ன நடந்துச்சு... இது எல்லாம் எங்களுக்கு அப்பால தெரிஞ்சது தான். நாங்க போன ரெண்டாம் நாளு காத்து அடிச்சு, தென்ன மட்ட லைன்ல விழுந்து கரண்ட்டு போயிருக்கு. கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு. இந்த ப்ளக்கு இருக்கே, கரண்ட்டு போயி வந்தா அணைஞ்சபடியே தான் இருக்குமாம். நேரம் குறிச்சு வச்சதெல்லாம் அதது நேரத்துக்கு எழுந்துக்கும். டிவி எழுந்துச்சு, லைட்டு எழுந்துச்சு. நேரமே குறிக்காதது ஒண்ணே ஒண்ணு. எப்பவும் ஓடணும்னு விட்டது. டீப் ஃப்ரீசரு.

உள்ள ஆட்டுக் கறி, மீனு, இலாய்சா குடுத்த நண்டு.

ஆமா. மூக்க மூடிக்க, கேக்கும்போதே நாறும்.

இலாய்சா பாக்குறான். காலையில டிவி சத்தம் கேக்குது. சாயங்காலம் லைட்டு எரியுது. ஆனா ஆளு வெளிய வரல. கூப்புட்டா பதிலு இல்ல. இவரு நம்பருக்கு அடிச்சா போகல, அது கடல்ல மீனுக்கு நடுவுல கெடக்கு. எந் நம்பருக்கு அடிச்சா... வீட்டுக்குள்ள இருந்து மணி அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. அப்பால ஜன்னல் வழியா அந்த நாத்தம். அவன் சதேந்திராவுக்குப் போன் போட்டிருக்கான். எம் புள்ள என்ன சொன்னான் தெரியுமா? "அவங்க வீட்ல தான் அங்கிள் இருக்காங்க. இப்பக் கூட டிவி ஓடுதே, நான் பாக்குறனே." அவ்ளோ தான். புள்ளையே சொல்லிட்டான் உள்ள தான் இருக்காங்கன்னு. இலாய்சா போன்லயே அழுதுட்டானாம். நாத்தத்த எப்பிடிச் சொல்றது பெத்த புள்ளகிட்ட... சொல்லித் தான ஆகணும், சொல்லிட்டான்.

நாங்க பஸ் ஸ்டாண்டுல டாக்சி புடிச்சு வரோம். தெருமுனையில இருந்து பாத்தா, எங்க வீட்டு வாசல்ல நீலத் தார்ப்பா கட்டி ஷெட்டு போட்டிருக்கு. இங்க சாவுன்னா மொத வேல ஷெட்டு தான். பாயில ஆம்பளைங்க உக்காந்து நங்கோனா கரைக்கிறாங்க, அது ஒரு வேரு, இடிச்சுத் தண்ணியில கரச்சுக் குடிப்பாங்க, கல்யாணம் சாவு எல்லாத்துக்கும் அது தான். பொம்பளைங்க ஒரு பக்கம். எங்க பஜன கோஷ்டி பூராவும் வெள்ள சேல. இவரு கைய புடிச்சுக்கிட்டேன். மனசு பூரா பிரிஸ்பேனுக்குப் போயிடுச்சு. புள்ளைக்கு ஏதாவதுன்னா?

டாக்சிக்காரன் ஜன்னல இறக்கி, கடைசியா நின்ன ஒரு ஆளக் கேட்டான், யாரு போயிட்டாங்கன்னு. அந்த ஆளு சொல்றான், "பல்ராம் பாயும் ஜான்கியம்மாவும். ஒண்ணாவே போயிட்டாங்க. நல்ல ஜோடி."

எங்களுக்கு அந்த ஆளு யாருன்னே தெரியாது. நல்ல ஜோடின்னு சொல்றான். மூணு நாளா நாங்க பேச்சு வார்த்த இல்ல.

நாங்க எறங்கி வரதுக்கும், இலாய்சா கதவுல தோள வைக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. போலீசு வரும் வரைக்கும் பொறுக்கலாம்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க, அவனுக்குத் தாங்கல. இவரு பின்னால இருந்து கத்துறாரு, "டேய், என் கதவு." கதவு போயிடுச்சும்மா. இலாய்சா கதவோட உள்ள விழுந்தான். உள்ள டிவியில ஒருத்தன் சமையல் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கான். இலாய்சா திரும்பிப் பாத்தா, செத்தவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறோம், கையில பலாப்பழத்தோட. எங்கண்ணன் குடுத்தனுப்புன பழம். அந்த ஆறடி ஆளு மண்டி போட்டு கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டான். வெள்ள சேலைங்க நாலா பக்கமும் ஓடுது. ஒருத்தி எங்கிட்டயே ஓடி வந்து, "ஜான்கியோட ஆவி"ன்னு எங்கிட்டயே சொல்றா.

நீ சிரிக்கிறதப் பாத்து அந்த செக்யூரிட்டி நம்மளப் பாக்குறான். பாக்கட்டும்.

யாரோ போன எங் காதுல வச்சாங்க. சதேந்திரா. பிரிஸ்பேன் ஏர்போர்ட்ல நிக்கிறானாம், எங்க காரியத்துக்கு வரதுக்கு. நான் சொன்னேன், "நான் தான்டா. சாப்ட்டியா?" அவன் அழுதான். கொழந்தையில கூட அப்பிடி அழுததில்ல அவன். அழுது முடிச்சு சொல்றான், "அம்மா, நான் டிவி ஓடுறத பாத்துக்கிட்டே இருந்தேம்மா. நீ டிவி பாக்குறன்னு நெனச்சு சந்தோசமா தூங்குனேம்மா." அதுக்கு மேல எனக்கு அவன் மேல ஒரு கோவமும் இல்ல. எல்லாம் போயிடுச்சு. நாத்தம் மட்டும் தான் இருந்துச்சு, அது போக ரெண்டு வாரம் ஆச்சு.

அப்பால யாரும் வீட்டுக்குப் போகல. ஷெட்டு போட்டாச்சு, நங்கோனா கரச்சாச்சு, எதுக்கு வீணாக்கணும்னு உக்காந்துட்டாங்க. இலாய்சாவோட பொண்டாட்டி சாவுக்குன்னு ஒரு பாய் கொண்டாந்திருந்தா, அவளே பின்னுனது, அது அவங்க வழக்கம். திருப்பி எடுத்துக்கன்னு சொன்னா கேக்கல, அதுமேல எங்கள உக்கார வச்சுட்டா. ஒவ்வொருத்தரா இவரப் பத்திப் பேசுறாங்க. சாவுக்குன்னு யோசிச்சு வச்ச பேச்சு, அப்பிடியே பேசிட்டாங்க. இவரு ஸ்டோர்ல இருக்கும்போது யாரு யாருக்கோ வேல வாங்கிக் குடுத்திருக்காரு. எனக்கே தெரியாது. நான் சோப்பு மட்டும் தான் எண்ணுறாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். மனுசன் வெக்கத்துல தொப்பிய மூக்கு வரைக்கும் இறக்கிட்டாரு.

புள்ள மறுபடியும் போன்ல வந்தான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டோம். "அப்பா, இனிமே நீங்க அங்க இருக்க வேணாம், சீக்கிரம் வந்துடுங்க." இவரு ஒடஞ்ச கதவப் பாக்குறாரு. இலாய்சாவப் பாக்குறாரு, அவன் தோள்ல ஐஸ் கட்டி வச்சு ஒத்திக்கிட்டிருக்கான். இவரு கேட்டாரு, "பேட்டா, பிரிஸ்பேன்ல கதவ யாரு ஒடைப்பா?"

சதேந்திரா சொன்னான், "எங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரே எனக்குத் தெரியாதுப்பா."

ஷெட்டுல நங்கோனா கரைக்கிறவன் கை கூட நின்னுச்சு. இவரு என்னப் பாத்து சொன்னாரு, தமிழ்ல சொன்னாரு, எங்களுக்குள்ள சண்டைக்கு மட்டும் தான தமிழு, அன்னிக்கு சண்ட இல்லாம சொன்னாரு. "போயிட்டு வந்துடலாம் ஜான்கி."

அதான் இப்ப போறோம். போறதுக்கும் டிக்கெட்டு இருக்கு, வரதுக்கும் டிக்கெட்டு இருக்கு. கொழந்த பொறந்து, கொஞ்சம் தல நின்னதும் வந்துடுவோம். நான் மொத தடவ ப்ளைட்டு ஏறப் போறேன், காலையில இருந்து காலு தரையில நிக்கல. கண்டதையும் பேசிக்கிட்டிருக்கனா? கோச்சுக்காத.

ப்ளக்கா? எல்லாத்தையும் கழட்டி டப்பாவுல போட்டாச்சு. கீசர் ப்ளக்கு ஒண்ணு மட்டும் இருக்கு, அது நல்லது, அத நீயும் வச்சுக்க, உம் புருசனுக்கும் மனசு ஆறும். சதேந்திரா இப்ப தெனமும் ரெண்டு தடவ போன் பண்றான், எனக்குத் தான் நேரமில்ல. வீட்டுச் சாவி இலாய்சாகிட்ட. சாயங்காலம் அவன் வந்து கையால லைட்டு போடுவான். போட்டுட்டு சும்மா போவானா? எங்க டிவி பெருசு. அவன் மச்சானுங்க எல்லாரும் வந்து ரக்பி பாப்பாங்க, ஃபேன் ஓடும், கெட்டில் ஓடும். திரும்பி வரும்போது பில்லு எங்க வீட்டு கூரைய தொடும். இவருகிட்ட சொன்னேன். "ஓடட்டும்"னு சொல்லிட்டாரு. அந்த வாயால சொன்னாரும்மா. சோப்பு எண்ணுன மனுசன்.

இது தான் உன் ப்ளைட்டு, சிங்கப்பூரு. எழுந்திரு. பைய எடு, சால்வைய மறந்துடாத. அம்மாவ கேட்டேன்னு சொல்லு. இரு இரு, ஒரு நிமிசம். இங்க நீங்க குடியிருக்கறது மார்டின்டார்ல தான, அங்க உங்க பக்கத்து வீட்ல யாரு? தெரியாதா? வந்து எவ்ளோ நாளாச்சு நீ... சரி, கீழ் வீட்ல? பேரு? ஷரீனா, நல்லது, அந்தப் பொண்ணுகிட்ட ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தியா?

அடிப் பாவி.

போன எடு. நான் இந்தப் பையப் புடிச்சுக்கிறேன். நீ வரிசையில நின்னுக்கிட்டே பேசு.